மேற்குக்குக் காய்ச்சல்

“டீச்சர், இன்னைக்கும் கெழக்கு வரல.”

வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு வந்து முப்பிடாதி இப்படிச் சொன்னபோது, மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. எல்லோரும் கவலையோடு ஞானபாக்கியம் டீச்சரைப் பார்த்தார்கள்.

தவறு அவளுடையதுதான். சூரியன் வருகிற பக்கம் கிழக்கு என்று சொல்லிக்கொடுத்தது அவள். 1958-ஆம் வருஷத்து ஆனி மாதம். தென்காசிக்கு மேற்கே, செங்கோட்டைச் சாலையை ஒட்டியிருந்த அந்த ஓட்டுப் பள்ளிக்கூடத்தின் மேல் பதினோரு நாளாகச் சாரல். சிலேட்டை அழிக்கப் பிள்ளைகள் கோவை இலை தேடவில்லை. ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்கள், எழுத்து போய்விட்டது. ஈரச் சட்டையும் நனைந்த கோணிச்சாக்கும் கலந்த அந்த வாசனை, அங்கே படித்தவர்களுக்கு இன்றைக்கும் சாரல் விழுந்தால் மூக்கில் வந்து நிற்கும்.

ஞானபாக்கியத்துக்கு வாசனையை அனுபவிக்க நேரமில்லை. பாளையங்கோட்டையில் பயிற்சி முடித்து வந்த முதல் வேலை; அதுவும் தற்காலிகம். வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் நல்லபடியாக எழுதினால்தான் வேலை நிலைக்கும்.

“அவருக்குப் பூகோளம்னா உசிரு. தெசைதான் மொதல்ல கேப்பாராம், பாத்துக்கிடுங்க” என்று தலைமை ஆசிரியர் சிவனணைந்தபெருமாள் எச்சரித்திருந்தார்.

“சரி, சூரியனை விட்டுருங்க. மலை இருக்க பக்கம் மேற்கு. அதுக்கு எதிர்ப்பக்கம் கிழக்கு. புரிஞ்சுதா?” என்றாள் ஞானபாக்கியம் வகுப்பைப் பார்த்து.

குழல்வாய்மொழி எழுந்தாள். “குத்தாலத்துல எங்க அத்தை வீட்டுல நின்னா மூணு பக்கமும் மலை டீச்சர். மூணுமே மேற்கா?”

“அத்தை வீட்டுக்குப் போறப்ப பாத்துக்கலாம், உக்காரு.”

ஆனால் வகுப்பு முழுவதும் மூன்று மேற்குகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது. ஞானபாக்கியம் மலையையும் விட்டாள். கரும்பலகை கிழக்குச் சுவரில்தானே இருக்கிறது? கரும்பலகைப் பக்கம் கிழக்கு என்றாள். பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

அன்று மத்தியானம் அந்தச் சுவருக்கு மேலே ஓடு ஒழுகியது. சிவனணைந்தபெருமாளே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, கரும்பலகையைத் தூக்கி எதிர்ச்சுவரில் மாட்டிவிட்டுப் போனார்.

“கெழக்கு அங்கன போயிட்டு டீச்சர்!” என்று வகுப்பே திரும்பி உட்கார்ந்தது.

ஞானபாக்கியம் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. சனி, ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை வந்ததும் முடிவாக ஒன்று செய்தாள். சூரியன் வராமல் போகலாம், பலகை நகரலாம். பிள்ளைகள் நகர மாட்டார்கள். கிழக்குச் சுவரோரம் முப்பிடாதி. மேற்குச் சுவரோரம் தளவாய். எதிரெதிரே என்பது நினைவில் நிற்க வடக்கிலும் தெற்கிலும் ஒரே முகமுள்ள இரட்டைப் பையன்கள்.

“கிழக்கு யாரு?”

“முப்பிடாதி!”

“மேற்கு?”

“தளவாய்!”

ஒரு தவறுகூட இல்லை. ஞானபாக்கியம் மனசுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, மழைக்குள் ஒரு குதிரைவண்டி வந்து நின்றது. கோட்டும் குடையுமாக இன்ஸ்பெக்டர் இறங்கினார்.

“வியாழக்கிழமைன்னு சொன்னாங்களே சார்!” என்றாள் அவள் தலைமை ஆசிரியரிடம், பதறிப்போய்.

“சொல்லாம வந்து பாக்கறதுதான் அவுங்க வழக்கம்” என்று காதோரம் முணுமுணுத்தார் சிவனணைந்தபெருமாள்.

இன்ஸ்பெக்டர் நேரே மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்தார்.

“கிழக்கு எங்கே?”

“ஒண்ணுக்குப் போயிருக்கு சார்!” என்றது வகுப்பு.

இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “மேற்கு?”

“மேற்குக்குக் காய்ச்சல் சார். நேத்து நனைஞ்சிட்டு.”

“வடக்கு?”

“உள்ளேன் ஐயா!” குளிருக்கு ஒரே சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒரு மூலையில் ஒண்டியிருந்த இரட்டையரில் ஒருவன் எழுந்தான். சாக்கு இழுபட, அடுத்தவனும் எழுந்தான். “தெற்கும் உள்ளேன் ஐயா!”

ஞானபாக்கியம் முன்னால் வந்து நின்றாள். “பிள்ளைங்க மேல தப்பில்ல சார். பதினஞ்சு நாளா அதுங்க சூரியனையே பாக்கல. நான்தான் ஏதேதோ சொல்லிக் குழப்பிட்டேன். எழுதறதை என்னைப் பத்தி எழுதுங்க.”

“எழுதத்தான் போறேன்” என்றார் அவர். சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து நின்றபடியே எழுதினார். “அம்மா, ஒரு மனுஷனுக்கு முதல் கல்வி திசை. அது தெரியாத பிள்ளை நாளைக்கு வெளியே கிளம்பினா எங்கே போய்ச் சேரும்? யோசிச்சுப் பாருங்க.”

அவர் வண்டியில் ஏறிவிட்டார். ஞானபாக்கியம் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அப்போதுதான் திரும்பி வந்த முப்பிடாதி, “நான் வந்துட்டேன் டீச்சர்” என்று அவள் முந்தானையைத் தொட்டான். அவளுக்கு அழுகை இன்னும் பெருகியது.

இன்ஸ்பெக்டர் மறந்துவிட்டுப் போன குடையை எடுக்க, வண்டிக்காரர் அய்யாக்குட்டி உள்ளே வந்தார். நடந்ததையெல்லாம் தாழ்வாரத்தில் நின்று கேட்டிருந்தவர். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அழாதிய டீச்சர். ஐயா இன்னைக்குத் தென்காசியில இருந்து பொறப்பட்டது பாவூர்சத்திரத்துப் பள்ளிக்கூடத்துக்கு. ‘நேரே கெழக்க விடு’ன்னு அவுக கை காட்டினதுதான் இந்தப் பக்கம்.”