நாற்பத்து நான்காம் வேகம்

கலியாணம் நாற்பத்தொரு விழுக்காட்டில் நின்றுபோனது. மாப்பிள்ளையின் கை தாலியோடு மணப்பெண்ணின் கழுத்தை நெருங்கிய கணத்தில் திரை முழுவதும் நீலமாயிற்று. சிக்கல் ஒன்று நேர்ந்துவிட்டதாகக் கணினி ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவித்து, பக்கத்தில் ஓர் அழுமுகத்தையும் போட்டுக் காட்டியது.

உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், மாவு மில்லை ஒட்டியிருந்த தன் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, பிரகாஷ் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மணி ஒன்பதரை. காலையிலிருந்து இது மூன்றாவது நீலம்.

"இன்னா, திரும்பவும் அழுவுதா?" என்றாள் அவன் மனைவி சுதா. கடையில் ஆல்பம் ஒட்டுவது அவள் வேலை.

"அழுவல. வேகம் தாங்கல."

"இத்தினி நாளு தாங்குன வேகத்துலயே வுட்டிருக்கலாமில்ல?"

அவன் பதில் சொல்வதற்குள் கைப்பேசி அடித்தது. அழைத்தவர் முத்துகிருஷ்ணன். ஏரிப் பாசனத்தில் பன்னிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர். தாலிக்குக் கழுத்தை நீட்டி நீலத்தில் மறைந்துபோன மணப்பெண்ணின் தகப்பனார்.

"இன்னா தம்பி, வீடியோ இன்னிக்கி ஆயிடுமா?"

"ஆயிடும்ங்கய்யா. மூணே முக்காலுக்கெல்லாம் கையில குட்த்துடறேன்."

"நாலு மணிக்கு மாப்ள வூட்டுக்காரங்க வராங்க," என்றார் அவர். "நீ ஒண்ணும் அவசரப்படாத. மெதுவா பண்ணு."

பிரகாஷ் கைப்பேசியைக் கீழே வைத்தான். "அவசரப்படாதன்னு சொல்றாரு."

"நல்லதாப் போச்சி. மெதுவா பண்ணு."

"உனக்குத் தெரியாது. கோவம் தலைக்கு ஏறுனவங்கதான் அப்பிடிப் பேசுவாங்க."

புகழ்வதுபோலப் பழிப்பதற்கு இலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி என்று பெயர். பத்து வருடம் வாடிக்கையாளர்களிடம் பேசிப் பழகிய பிரகாஷுக்கு, வஞ்சம் கலவாத வாக்கியம் ஒன்று உலகில் உண்டு என்பதே மறந்துபோயிருந்தது.

அதற்குக் காரணமும் இருந்தது. பிரகாஷ் எந்த வீடியோவையும் சொன்ன தேதிக்குக் கொடுத்தவனல்லன். காதுகுத்து வீடியோ ஒன்றைக் கொண்டுபோனபோது, காது குத்தப்பட்ட குழந்தையே பள்ளிச் சீருடையில் வந்து கதவைத் திறந்து வாங்கிக்கொண்டது. அப்படிப்பட்டவனைத் தேடி முத்துகிருஷ்ணன் தாமே கடைப்படி ஏறி வந்தார். காஞ்சிபுரத்தில் ட்ரோன் வைத்தவர்கள் அத்தனைபேர் இருக்க, "நீதான் பண்ணணும்" என்றார். ஆல்பத்தைக்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை. தன் கலையை ஒருவர் அறிந்துகொண்டார் என்று பிரகாஷ் அன்றிரவு சோறுகூடச் சரியாகத் தின்னவில்லை. இந்த ஒரு வீடியோவையாவது சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் கொடுத்துவிட வேண்டும். அவர் வைத்த நம்பிக்கை பொய்த்துப்போனால் பிறகு கேமராவைத் தொடுவதில் பொருளில்லை.

நான்கு மணிநேர வீடியோவைக் கோத்து முடிக்க அவன் கணினிக்குப் பதினொரு மணிநேரம் பிடிக்கும். ஆகவே ஏனாத்தூரில் கல்லூரி ஒன்றின் கணினிக்கூடத்தில் வேலை பார்க்கும் சுதாவின் தம்பி ஹரி ஒரு வழி சொல்லியிருந்தான். மதர்போர்டின் அமைப்புக்குள் போனால் செயலியின் வேகத்துக்கு ஓர் எண் இருக்கும். ஆலையில் வைத்த எண் முப்பத்தாறு; அதைக் கூட்டினால் வேகம் கூடும். இதற்குப் பெயர் ஓவர்கிளாக்.

"ஒண்ணு ஒண்ணா ஏத்துங்க மாமா," என்று ஹரி படித்துப் படித்துச் சொன்னான். "முப்பத்தேழு வச்சிப் பாருங்க. தாங்குனா முப்பத்தெட்டு."

பிரகாஷ் நேராக நாற்பத்து நான்கு வைத்தான்.

இப்போது அந்த ஹரியையே கைப்பேசியில் பிடித்தான்.

"கரண்டு பத்தல மாமா. அதே பக்கத்துல வோல்டேஜ்னு கீதுல்ல, அதக் கொஞ்சம் ஏத்துங்க. கொஞ்சம்தான்."

கொஞ்சம் என்பது அளவுப்பெயரன்று. சொல்பவனுக்கு ஒன்றும் கேட்பவனுக்கு வேறொன்றுமாய் நிற்பது. பிரகாஷ் தன் கொஞ்சத்தை ஏற்றினான். நீலம் வரவில்லை. மாறாக, வெப்பம் தொண்ணூற்றேழு டிகிரி என்று திரையின் மூலையில் சிவப்பில் ஓர் எண் துடித்தது.

"ஃபேன வை," என்றாள் சுதா.

பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை விசிறியை அதற்குள் முகம் பார்க்க வைத்தான். எண் தொண்ணூறுக்கு இறங்கியது. பிரகாஷ் நிம்மதியாக மூச்சுவிட்டான். விட்ட மூச்சை இழுத்தபோது தும்மினான். பக்கத்து மில்லில் அன்று மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் மிதந்து வந்த தூளையெல்லாம் விசிறி சிந்தாமல் சிதறாமல் சூடான செயலியின்மேல் சேர்த்துக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் கடை முழுவதும் தாளித்த வாசம் எழுந்தது.

"இன்னாய்யா, வத்தக்கொழம்பு வைக்கிறியா?"

கணினி தானாகவே அணைந்தது. மறுபடி பொத்தானை அமுக்கினால் விசிறி மட்டும் சுற்றியது. திரை கறுப்பாகவே கிடந்தது.

"பீப் அடிக்குதா பாருங்க," என்றான் ஹரி. "எத்தினி அடிக்குதுன்னு எண்ணுனா நோவு இன்னான்னு தெரிஞ்சிடும்."

பிரகாஷ் கைப்பேசியைப் பிடித்துக்கொள்ள, சுதா கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாள். "பதினேழு."

"பதினேழா? அப்பிடி ஒரு நோவே கெடையாதுக்கா."

"இப்ப இருவது."

"மெமரியா இருக்கும். கழட்டித் தொடச்சி மாட்டுங்க மாமா. மொதல்ல பிளக்கப் புடுங்கிடுங்க."

பிரகாஷ் பிளக்கைப் பிடுங்கினான். இரண்டு மெமரிப் பட்டைகளையும் கழற்றி அழிரப்பரால் தேய்த்தான். பட்டைகள் அவன் கையில் இருந்தன. மின்கம்பி தரையில் கிடந்தது. பீப் ஒலி மட்டும் நிற்கவில்லை.

"இருவத்தஞ்சி," என்ற சுதா கண்ணைத் திறந்து, எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "நெல்லு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கினு கீது."

ஹரி இருமினான். இருமல் ஓய்ந்ததும் கடைசி மருந்தைச் சொன்னான். "போர்டுல வட்டமா ஒரு பேட்டரி இருக்கும் மாமா. அத எட்த்துட்டு அஞ்சி நிமிசம் கழிச்சிப் போடுங்க. ஏத்துனது எல்லாம் மறந்துட்டு பழைய வேகத்துக்கு வந்துடும்."

தூளை ஊதித் துடைத்து, அவ்வாறே செய்தான். கணினி எழுந்தது. ஏற்றிய வேகத்தை மறந்தது. கூடவே தேதியையும் மறந்தது. அதன் கணக்குப்படி அன்று இரண்டாயிரத்துப் பதினைந்து ஜனவரி முதல் நாள். கோக்கும் மென்பொருள், தன்னை வாங்கிய நாளே இன்னும் வரவில்லை என்று சொல்லித் திறக்க மறுத்தது. அதன் நியாயம் மறுக்கத்தக்கதன்று. அந்தத் தேதியில் மணப்பெண் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கலியாணமே சட்டப்படி குற்றம்.

தேதியைத் திருத்தி முடித்தபோது மணி பன்னிரண்டரை. முத்துகிருஷ்ணன் மறுபடி அழைத்தார்.

"ஆயிடுச்சா தம்பி?"

"பாதி ஆயிடுச்சிங்கய்யா," என்று பொய் சொன்னான்.

"பாதியா?" குரல் கலங்கியிருந்தது. "அங்க கரண்டு கிரண்டு கட்டாவலியா?"

"இல்லீங்கய்யா, நல்லா கீது."

"ஓ," என்று வைத்துவிட்டார்.

"சாக்கு சொல்லிடுவேன்னு முன்னாடியே வாய அடைக்கிறாரு," என்றான் பிரகாஷ். அவன் விரல்கள் மறுபடி மதர்போர்டின் அமைப்பை நோக்கிப் போயின. "நாப்பத்து ரெண்டு வச்சிப் பாக்கட்டுமா?"

சுதா கையிலிருந்த பசைப்புட்டியைக் கீழே வைத்தாள். "யோவ், மாடு இழுக்கலன்னா மூட்டைய எறக்குவியா, மாட்ட அடிச்சிக்கினே இருப்பியா?"

"இன்னா மூட்டை?"

"அந்த ரோசாப்பூ வுழுவுது பாரு. அன்னம் ரெண்டு மூக்க மூக்க இடிச்சிக்குது. நிலாக்குள்ள இருந்து மாப்ள எட்டிப் பாக்கறாரு. எண்ணிப் பாத்தியா அதெல்லாம் எத்தினின்னு?"

எண்ணினான். இருநூற்றுப் பதினான்கு. வீடியோவில் அவன் கோத்திருந்த அந்த அலங்காரங்கள் அத்தனையும் அவன் கலை. ஒவ்வொன்றாகத் தேர்ந்து அழித்தான்; கடைசி அன்னத்தின்மேல் மட்டும் விரல் சற்றே தயங்கியது. செயலியை ஆலை வைத்த முப்பத்தாறிலேயே விட்டுவிட்டு, ஒன்று பத்துக்குத் தொடங்கினான். கணினி முனகாமல், வேர்க்காமல், இரண்டேகால் மணிநேரத்தில் கலியாணத்தை முடித்து வைத்தது. மூன்று இருபத்தைந்து. சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பாக ஒரு வேலை முடிவதைப் பிரகாஷ் முதல்முறையாகக் கண்டான்.

மூன்று நாற்பதுக்கு அவன் முத்துகிருஷ்ணன் வீட்டை அடைந்தபோது, மாப்பிள்ளை ஊரான தாமலிலிருந்து வந்த வேன் ஏற்கெனவே வாசலில் நின்றது. கூடத்தில் மாப்பிள்ளையின் தாயார் ராணியம்மாள் நடு நாற்காலியில் அமர்ந்திருந்தாள். பிரகாஷ் பென்டிரைவை முத்துகிருஷ்ணனிடம் இரண்டு கையாலும் நீட்டினான். கோர்ட்டு நோட்டீசை வாங்குபவர்போல் அவர் அதை ஒரு கையால் வாங்கினார்.

"சொன்ன டைமுக்கு முன்னாடியேங்கய்யா."

"பாத்தேன்பா."

ராணியம்மாள் எழுந்து நின்றாள். "அப்பறம் இன்னா? ஆடிக்குக் கூட்டியாந்த பொண்ணு. ஆவணி பொறந்து பத்து நாளாவுது. ரெண்டு தபா வந்தோம். கலியாண வீடியோ வரட்டும், சொந்தக்காரங்களோட ஒக்காந்து பாத்துட்டு அனுப்பறோம்னீங்க. தோ வந்துடுச்சி. இன்னிக்கே போட்டுப் பாருங்க, பொழுது சாயறதுக்குள்ள கெளம்பிடலாம்."

உள்ளேயிருந்து மணப்பெண் அனுஷா வந்தாள். கையில் தடித்த போட்டித் தேர்வுப் புத்தகம்; நடுவில் ஒரு விரல், பக்கம் தவறாமலிருக்க.

"பரிச்சைக்கு இன்னும் பதினாறு நாளு கீது அத்தே."

"அங்க வந்து படி. வேணான்னு யாரு சொன்னா? பதினோரு பேருக்கு ஆக்கிப் போட்டுட்டு, மிச்ச நேரமெல்லாம் படி."

முத்துகிருஷ்ணன் பென்டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உள்ள ஏதாவது ரிப்பேர் கிப்பேர் இருக்குமா தம்பி?" என்று கேட்டார்.

"மூணு தபா செக் பண்ணிட்டேன்ங்கய்யா," என்றான் பிரகாஷ், நெஞ்சு நிமிர.

ஒரு பாராட்டுக்காகச் சற்று நேரம் நின்றான். வரவில்லை. வெளியே வந்து வண்டியை எடுக்கப்போகையில், காபித் தம்ளரோடு அனுஷா பின்னால் வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. பிறந்த வீட்டைப் பிரிகிற பெண்ணுக்கு அது இயல்புதான் என்று பிரகாஷ் எண்ணிக்கொண்டான்.

"அடுத்த விசேசத்துக்கும் நம்மளையே கூப்டுங்கம்மா," என்றான், தம்ளரை வாங்கிக்கொண்டு. "காஞ்சிவரத்துல அத்தினி பேரு இருக்க, ஐயா என்னத் தேடி வந்தாரு. இன்னாத்தப் பாத்து வந்தாருன்னுதான் இன்னிக்கி வரைக்கும் எனக்குப் புரியல."

"காஞ்சிவரத்துக்காரங்க ஒரு மாசத்துல குட்த்துடுவாங்களாம்ணா," என்றாள் அனுஷா. "வருசமானாலும் குடுக்காத ஸ்டூடியோ எதுன்னு ஊரெல்லாம் விசாரிச்சிட்டுத்தான் எங்கப்பா ஒங்களாண்ட வந்தாரு."