முள்ளங்கிக்குப் போட்ட பந்தல்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், தங்கள் அக்கா நலம், தையல் மெஷினும் போன வாரம் எண்ணெய் விட்ட பிறகு நலம். அங்கே தாங்களும் பிள்ளைகளும் தொட்டிச் செடிகளும் சௌக்கியம் என்று எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. போர்வை முடிந்துவிட்டது. நான் ஓய்வு பெற்ற அன்று, அத்தான் இனிமேல் வீட்டில் ஈ ஓட்டப் போகிறாரா என்று தாங்கள் போனில் அக்காவிடம் கேட்டது, ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. நான் ஓட்டியது தையல் மெஷின். ஐந்து அங்குலச் சதுரம் நூற்று நாற்பத்து நான்கு, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, கீழே கெட்டித் துணி. பேரிங் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் அளவு பார்த்தவன் நான். மூலைக்கு மூலை நூலிழை வித்தியாசம் கிடையாது. நம்பாவிட்டால் ஸ்கேலோடு வந்து பாருங்கள்.

எடுத்த எடுப்பில் இப்படி வந்துவிடவில்லை, அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் போர்வையைச் சாப்பாட்டு மேஜைமேல் விரித்துக் கையால் தைத்தேன், தைத்து முடித்து ஜம்மென்று தூக்கினால் மேஜை விரிப்பும் கூடவே வந்தது, விரிப்போடு டீ டம்ளரும் வந்தது, டம்ளர் என் கால்மேல் வந்தது, பிரித்து முடிக்க மூன்று நாள் ஆயிற்று. இரண்டாவது போர்வை தண்ணீரில் நனைந்ததும் பாதித் துணி சுருங்கி, பாதி சுருங்காமல், அப்பளம் பொரித்த மாதிரி எழும்பி நின்றது. அக்கா வந்து பார்த்தாள். வெட்டுவதற்கு முன்னால் துணியை நனைத்துக் காயவைக்க வேண்டும், அது தெரியாதவர்கள் கத்தரிக்கோலைத் தொடவே கூடாது என்றாள். நியாயமான பேச்சு. அன்றிலிருந்து நனைத்துக் காயாத துணி என் கத்தரியைப் பார்த்ததில்லை. வந்த வினைக்கெல்லாம் வேர் இதுதான், ஆகையால் கவனமாகப் படிக்கவும்.

குளிர் விட்டதும் அக்கா தோட்டத்தில் இறங்கினாள். தாங்கள் அனுப்பிய எட்டு வகை விதைக்கும் எட்டுப் பாத்தி. கட்டி உடைத்து, எரு கலந்து, விதை போட்டு நிமிர்ந்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், கல்யாணத்தன்றுகூட அப்படி இல்லை. எனக்கோ போர்வையின் கடைசி வரிசைக்கு எட்டுத் துண்டு குறைந்தது, வாய்விட்டுப் புலம்பிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை பின்பக்கம் போனால் எட்டுப் பாத்தியிலும் எட்டுக் குச்சி, குச்சிக்கு ஒன்றாக எட்டுத் துணி, ஒவ்வொன்றும் கைக்குட்டை அகலம், எட்டும் வேறு வேறு நிறம், எட்டும் ஈரம். நீயே சொல்லு மச்சான், எவனாயிருந்தாலும் என்ன நினைப்பான்? நமக்காக நனைத்துக் காயப்போட்டிருக்கிறாளே மகராசி என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவிழ்த்தேன், காயவைத்தேன், இஸ்திரி போட்டேன், வெட்டினேன், தைத்துவிட்டேன்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "பாத்தியில எது எதுன்னு அடையாளத்துக்குத் துணி கட்டியிருந்தேன். ஒண்ணையும் காணோம். மழைக் காத்துல போயிருக்கும்போல."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். நீலக் கட்டம் பீன்ஸா, முள்ளங்கியா? மஞ்சள் புள்ளி சாமந்தியா, கேரட்டா? எட்டுத் துணியும் போர்வையில் அளவு பிசகாமல் ஜொலிக்கின்றன, எது எந்தக் குச்சியில் இருந்தது என்பது மட்டும் சுத்தமாக நினைவில்லை. "ஆமா, பலமான காத்துதான்" என்றேன். இவ்வளவு பெரிய பொய்யை அவளிடம் நான் சொன்னதே இல்லை. அன்றைக்கே போர்வையைக் கடைசி வரிசை உள்ளே போகும்படி மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். இப்படி ஒன்றைத் தைத்துவிட்டு ஒருத்தருக்கும் காட்ட முடியாமல் வைத்திருப்பது என்ன கொடுமை தெரியுமா உனக்கு?

இதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. இரண்டு வருஷமாகத் தோட்டச் சங்கத்தில் ஊரார் தோட்டத்தையெல்லாம் பார்த்துவிட்டு வந்தவள், இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பதினாலு பேரை நம் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாள். இது என்ன செடி என்று யாராவது கேட்டு, இவள் பதில் தெரியாமல் நின்றால் அந்த முகத்தை என்னால் பார்க்க முடியாது மச்சான். அந்தப் பயம்தான் என்னை அரிக்கிறது, வேறொன்றுமில்லை.

சும்மாவும் இல்லை. காலையும் மாலையும் எட்டுப் பாத்திக்கும் நானே தண்ணீர் ஊற்றுகிறேன். பீன்ஸுக்கு ஒரு பந்தல் போட்டுக் கொடுங்கள் என்றாள். பீன்ஸ் எது என்று எந்த வாயால் கேட்பேன்? எட்டுக்கும் போட்டுவிட்டேன். எல்லாம் ஆறடி, ரசமட்டம் வைத்துப் பார்த்தது. இதென்ன கூத்து என்று கேட்டாள், ஒரே அளவாக இருந்தால்தான் கண்ணுக்கு லட்சணம் என்று சமாளித்தேன். முள்ளங்கிக்குப் பந்தல் போட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஆனால் பந்தல் என்னவோ பிரமாதம், அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆகவே எட்டு முளையும் எப்படி இருக்கும், இலை எப்படி, தண்டு எப்படி என்று படம் போட்டு உடனே எழுது. என் பெயருக்கு வேண்டாம், எதிர்வீட்டுத் தையல் மெஷின் மெக்கானிக் முகவரிக்குப் போடு, சொல்லிவைத்திருக்கிறேன். போன் மட்டும் பண்ணிவிடாதே, உங்கள் குடும்பத்தில் எல்லாரும் ஸ்பீக்கரில்தான் பேசுவீர்கள். கோந்தை நம்பாமல் இந்த உறையை இரட்டைத் தையல் போட்டே அனுப்புகிறேன்.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம். பிள்ளைகள் ஆளுக்கொரு போர்வை போர்த்திச் சுகமாகத் தூங்க என் ஆசிகள். தைத்துத் தருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
நூலிழை பிசகாத,
அன்பு அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லி என் கையிலேயே கொடுத்தார். தையலைப் பிரித்துப் படித்துவிட்டுத் திரும்பத் தைத்திருக்கிறேன், உறையில் நேராக இருப்பது என் தையல். முளையைப் பார்த்து எது எது என்று சொல்ல எனக்குத் துணி கட்டவா வேண்டும்? போன வருஷம் களை என்று நினைத்து என் கேரட் பாத்தியை முழுக்கப் பிடுங்கிப் போட்டார். அதனால் அவருக்காகக் கட்டியதுதான் அது. அவர் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கன்னத்தில் வைத்து ஈரம் பார்த்ததை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்த மனுஷனிடம் என்னத்தைச் சொல்ல? ஒரு மாதத்துக்கு நீ பதில் போடாதே, தண்ணீர் ஊற்ற எனக்கு ஆள் கிடைத்திருக்கிறது. மீதி ஏழு பந்தலுக்கும் ஏற்றிவிட அவரைக்காய் விதை அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் தோட்டம் பார்க்க வரவில்லை, முளைவிட்ட மண்ணில் பார்க்க என்ன இருக்கிறது? போர்வையைப் பார்க்கத்தான் கூப்பிட்டிருக்கிறேன். பீரோவுக்கு என்னிடமும் ஒரு சாவி உண்டு. அவர் வெளியே போகும்போது நாலு தடவை விரித்துப் பார்த்துவிட்டேன். கடைசி வரிசைதான் தம்பி எல்லாவற்றிலும் அழகு.