பலகாரப் பட்டினி

"காலம்பர என்ன சாப்பிட்டேள்?" என்று ஜன்னலுக்குள்ளிருந்து கேட்டார் அனந்தநாராயணன். எர்ணாகுளத்து ஆய்வுக்கூடத்தில் சீட்டு வாங்குகிறவர்.

"ஒண்ணும் சாப்பிடலை. காப்பி மட்டும்," என்றாள் திரிபுரசுந்தரி.

"சர்க்கரை பார்க்க வெறும் வயிறு வேணும். நாளைக்கு வாங்கோ." சீட்டை அவர் முழுக்கப் படிக்கவில்லை.

மட்டாஞ்சேரிக்குப் படகில் திரும்பினாள். முன்பு இரண்டு குழந்தைகள் ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே அடங்கிவிட்டன. சர்க்கரை காரணமாக இருக்கலாம், இம்முறை மூன்றாம் மாதமே ரத்தத்தைப் பார்த்துவிடுவோம் என்றிருந்தார் டாக்டரம்மா. அவளுக்கு வேண்டியது ஒரு வரிதான்: குறை உன்னிடம் இல்லை.

"பட்டினிதானே? எத்தனை ஏகாதசி இருந்திருக்கேன்," என்றாள் மாமியார் பாக்கியலக்ஷ்மி. மறுநாள் காலை அரிசியே தொடவிடவில்லை. கோதுமை உப்புமா, இரண்டு நேந்திரம்பழம், சர்க்கரை போட்ட பால்.

கேட்டதும் அனந்தநாராயணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "மாமி, இதா பட்டினி?"

"அரிசி படலையே. உங்காத்துல ஏகாதசி கிடையாதோ?" என்றாள் கூட வந்திருந்த பாக்கியலக்ஷ்மி.

"வியாழக்கிழமை வாங்கோ. பச்சைத் தண்ணியோட."

இனி யாரையும் நம்புவதில்லை என்று திரிபுரசுந்தரி முடிவு செய்தாள். ஓரிரவுப் பட்டினி போதும் என்றால், இரண்டு நாள் பட்டினியில் ரத்தத்தில் சர்க்கரையே மிஞ்சாது. இலையில் விழுந்ததையெல்லாம் கொல்லையில் கொட்டினாள். கருவுற்ற நாள் முதல் மாமியார் ஆசையாக ஊட்டியதையெல்லாம் இந்த இரண்டு நாள் அழித்துவிடும். திருடியதை மறைப்பதுபோலத்தான் இருந்தது. ஆனாலும் மூன்றாவதையும் கொன்றவளாகத் தன் பெயர் எழுதப்படுவதை அவளால் தாங்க முடியாது.

வியாழக்கிழமை படகில் கண் இருட்டியது.

"ஒரு வாய் சர்பத் குடியேண்டி. ரெண்டு உயிராக்கும்," என்றாள் மாமியார்.

"அதுக்காகத்தாம்மா வேண்டாங்கறேன்."

அனந்தநாராயணனுக்குத் திருப்தி. "இதுதான் பட்டினி," என்று உள்ளே அனுப்பினார்.

ரத்தம் எடுக்கும் கங்கா மூன்று இடத்தில் குத்தினாள். "எந்தா சேச்சி, நரம்பே கிட்டலை? ஒண்ணும் தின்னில்லையா?"

"ரெண்டு நாளா பச்சைத் தண்ணிதான்," என்றாள் திரிபுரசுந்தரி. பல நாளுக்குப் பிறகு அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

கங்கா சீட்டை எடுத்துக் கடைசி வரி வரை படித்தாள்.

"யாரு பட்டினி கிடக்கச் சொன்னா? இது புது டெஸ்டாக்கும் சேச்சி, தின்னாலும் தின்னாட்டாலும் ஒண்ணுதான். போன மூணு மாசமா ரத்தத்துல சர்க்கரை எவ்வளவுன்னு காட்டிடும்."