மீசைக்காரனைக் கொன்றது நான்தான்

விஜயநகர் நாலாவது ஸ்டேஜ்,
மைசூரு.
செவ்வாய்க்கிழமை, பகல் மூன்று மணி
(உன் அக்கா தூங்கும் நேரம்).

கொள்ளேகாலில் பட்டுச் சேலைக் கடையையும் தொப்பையையும் ஒருசேர வளர்த்துவரும் என் அன்பு மாப்பிள்ளை ரவிக்குமாருக்கு, உன் அக்கா புருஷன் சேகரன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா மகேஸ்வரியும் நலம். உங்கள் நலத்துக்கு மலை மாதேஸ்வரன் துணையிருக்கட்டும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். என் போனைத் திறக்கும் எண் அவளுக்குத் தெரியும், அவள் போனைத் திறக்கும் எண் எனக்குத் தெரியாது. இந்த வீட்டின் பாதுகாப்பு நிலவரம் அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். கௌரி பண்டிகைக்குப் பிறந்த வீட்டுச் சீராக நீ ஒரு சேலை கொண்டுவந்திருக்கலாம். சேலைக் கடைக்காரன் சேலை கொடுத்தால் என்ன பெருமை என்று கையடக்க வீடியோ கேம் ஒன்றை வாங்கி வந்து, "நேரம் போகும்கா" என்றாய். நேரம் போயிற்று, என் மானமும் கூடவே போயிற்று. கறுப்புப் போர்வை போர்த்திய ஒரு பெண் பன்னிரண்டு மதில்களைத் தாண்டி, காவலாளிகள் கண்ணில் படாமல் ஒளிந்து ஒளிந்து போய், கோட்டைச் சிறையில் கிடக்கும் தன் தம்பியை மீட்க வேண்டுமாம். அந்தத் தம்பிக்கு உன் அக்கா உன் பெயரையே வைத்துவிட்டாள். நீ அங்கே ஏசியில் உட்கார்ந்து மைசூர்பாகு தின்றுகொண்டிருக்க, இங்கே நான் நாலு மணிக்குக் காபி கேட்டால், "ரவி இருட்டுல பட்டினியாக் கெடக்கறான், உங்களுக்குக் காபி கேக்குதாக்கும்?" என்கிறாள்.

நானும் விளையாடிப் பார்த்தேன், மறைக்கவில்லை. இருபத்தாறு வருஷம் தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக நின்று, டிபன் கேரியரில் போல்ட் கடத்துகிறவனை நடையை வைத்தே பிடித்தவன் நான். முதல் கேட்டைத் தாண்டுவதற்குள் நாலு முறை செத்தேன். ஒரு காவலாளியின் முதுகுக்குப் பின்னால் பதுங்க எனக்கு மனசு வரவில்லை, அவன் கொட்டாவி விட்டால் எனக்கும் வந்துவிடுகிறது. உன் அக்காவோ பூனை மாதிரி போய்க்கொண்டே இருக்கிறாள். எப்படி என்கிறாய்? "ஷிஃப்ட் முடியப் பத்து நிமிஷம் இருக்கறப்ப எந்தக் காவல்காரனும் வாசலைப் பார்க்க மாட்டான், கடியாரத்தைத்தான் பார்ப்பான்." இது கல்யாணமான புதிதில் ராகிக் களி உருட்டிக்கொண்டே நான் அவளுக்குச் சொன்ன தொழில் ரகசியம். அதைத் தன் கண்டுபிடிப்பு போல அவள் சொன்னது யாரிடம் என்பதில்தான் எனக்கு வயிறு எரிகிறது.

பக்கத்து வீட்டு மஞ்சுநாத்தை உனக்குத் தெரியும். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்திரண்டு வயதிலும் தலையில் ஒரு முடி குறையவில்லை. குறையாமல் இருக்கட்டும், பேசும்போது அதைக் கோதிக்கொள்ளாமல் இருக்கலாம். அவரிடமும் இதே விளையாட்டு இருக்கிறது. தினம் மாலை ஐந்து மணிக்குக் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவள். அவர் பேசும் தமிழில் பாதி கன்னடம்.

"மேடம், ஒம்பதாவது மதில்ல கிணத்துப் பக்கம் ரெண்டு பேர் நிப்பாங்கல்லா, ஹேகே தாண்டினீங்க?"

"கல்லைத் தூக்கி அந்தாண்ட வீசினேனுங்க. சத்தம் கேட்டு ரெண்டு பேரும் அங்க ஓடிட்டாங்க."

"சூப்பர் ரீ!"

இருபத்துநாலு வருஷமாக ரசம் வைக்கிறாளாம், நான் ஒரு நாளாவது "சூப்பர்" என்றதுண்டா என்று அன்று இரவு என்னைக் கேட்டாள். ரசத்துக்கும் கோட்டைக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொன்று. அவள் இந்த ஆட்டத்தைத் தொடங்கியது ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. முட்டையே வீட்டுக்குள் வராத நாளில் ஆளைக் கத்தியால் குத்துவதாவது என்று யாரையும் கொல்லாமலே முதல் மதிலைத் தாண்டினாள். கடைசிவரை ஒரு கொலையும் விழாவிட்டால்தான் தம்பி உயிரோடு வெளியே வருவான், ஒன்று விழுந்தாலும் காலிச் சிறைதான் என்று மஞ்சுநாத் சொன்னார். அவர் பதினொரு பேரைக் கொன்று காலிச் சிறையைப் பார்த்தவர். உடனே இவள், கையில் ரத்தம் படாமல் உன்னை மீட்டால் மாதேஸ்வரன் மலைக்கு நடந்தே ஏறுவதாக வேண்டிக்கொண்டாள். அறுபது மணி நேரம் ஆடியிருக்கிறாள், மாப்பிள்ளை. பதினொரு மதில் தாண்டியாயிற்று. கொலைக் கணக்கு பூஜ்யம்.

போன வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு அவள் வடைக்கு அரைக்கச் சமையலறைக்குப் போனாள், மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது, நான் அந்த விளையாட்டுப் பெட்டியைக் கையில் எடுத்தேன். என் திட்டத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பன்னிரண்டாவது மதிலை நானே தாண்டி, உன்னைச் சிறைக் கதவருகே கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போலப் பேப்பர் படிக்க வேண்டும். அவள் வந்து பார்த்து, "இதை யாருங்க செஞ்சது?" என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இருபது நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு மதில்மேல் ஊர்ந்தேன். கீழே ஒரு மீசைக்காரக் காவலாளி, பாவம், கால் மாற்றி கால் மாற்றி நின்றுகொண்டிருந்தான். பதுங்க வேண்டிய பட்டனுக்குப் பதில் குதிக்கிற பட்டனை அழுத்தித் தொலைத்தேன். நேராக அவன் தலையில் இறங்கினேன். கொலை ஒன்று என்று எழுத்து வந்தது. ஆட்டம் அதைத் தானே பதிவும் செய்துகொண்டது. பெட்டியை வைத்துத் துண்டால் மூடிவிட்டேன், பிணத்தை மூடுகிற மாதிரி.

வெள்ளிக்கிழமை உன் அக்கா அதைத் திறந்து பார்த்தாள். "ரவி போயிட்டான்" என்று ஒரே சொல். பெருக்க வந்த மாதம்மா, "எந்த ரவிக்கா? சேலைக் கடைத் தம்பியா? ஐயோ!" என்று விளக்குமாற்றைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். அன்று யார் யாரோ உன் கடைக்குப் போன் செய்து, உன் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டதாகச் சொன்னாயே, காரணம் இதுதான்.

சனிக்கிழமை மஞ்சுநாத் சுவரோரம் வந்தார். தலையைக் கோதாமல் வந்தார். "மேடம், புதன்கிழமை என் கையில கொடுத்தீங்கல்லா, அப்ப கை ஜாரிபிட்டது, வழுக்கிடுச்சு. நானே கொன்னுபிட்டேன். க்ஷமிசி, மன்னிச்சிடுங்க" என்றார். உன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தப்பை இப்படி ஒத்துக்கற மனசு எத்தனை பேருக்குங்க வரும்!" என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மறுநாள் காலை அவர் வீட்டுக்குக் கிண்ணம் நிறைய முந்திரிக் கேசரிபாத் போயிற்று. எனக்குக் காராபாத், அதாவது வெறும் கார உப்புமா. கொன்றவன் நான், கேசரிபாத் அவருக்கு! இருபத்தாறு வருஷச் சர்வீஸில் எத்தனையோ திருட்டைப் பார்த்திருக்கிறேன், அடுத்தவன் செய்த கொலையைத் திருடிக்கொண்டு போனவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

பொறுக்க முடியாமல், "மகேசு, அந்த மீசைக்காரனைக் கொன்னது நான்" என்று சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, சும்மா இருங்க. மொதல் கேட்டுல நாலு தரம் செத்தவரு நீங்க. பன்னெண்டாவது மதில்ல போயிக் கொன்னீங்களாக்கும்! அந்த மனுசன் பேரைக் கெடுக்கறதுக்கு இப்படியா?"

துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறிக் குதித்துக்கூடக் காட்டினேன். கணுக்கால் பிசகியதுதான் மிச்சம்.

ஆகவே மாப்பிள்ளை, செத்தவன் என்ற முறையில் உன்னிடமே நியாயம் கேட்கிறேன். வரும் ஞாயிறு காலை பஸ்ஸில் கிளம்பி வா. பெட்டியில் நாளும் நேரமும் பதிவாகியிருக்கும், பார். வியாழன் பதினொன்றரைக்கு மஞ்சுநாத் சலூனில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார், அதை நான் விசாரித்துவிட்டேன். இருவர் முன்னாலும் என்னைக் கொலைகாரன் என்று சொல்லிவிட்டு, அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு, ஒரு சேலையைக் கொடுத்துவிட்டுப் போ. உன் கடையில் கூட்டம் குறையாதிருக்கட்டும். உன் மனைவி பூங்குழலிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
யாரும் நம்பாத கொலைகாரன்,
சேகரன்

பி.கு.: மணி ஆறேகால். மேலே உள்ளதெல்லாம் ரத்து. உறையை ஒட்டப் பசை தேடித் திரும்பினால், தூங்கப் போன உன் அக்கா பின்னால் நிற்கிறாள். எப்போதிலிருந்து என்றேன். "தொப்பைன்னு எழுதுனீங்களே, அப்பருந்து" என்றாள். வியாழக்கிழமையும் இப்படித்தான் நின்றாளாம். "மிக்சியைப் போட்டுட்டு வந்து நின்னேனுங்க. நீங்க அந்தக் காவல்காரனுக்குப் பின்னாடி, நான் உங்களுக்குப் பின்னாடி. ரெண்டு பேருமே திரும்பல." நான் தொடுவேன் என்று தெரிந்து, புதன்கிழமையே ஆட்டத்தை வேறோர் இடத்திலும் பதிந்து வைத்திருக்கிறாள். ஆக, கொலையே நடக்கவில்லை. மஞ்சுநாத்தைப் பழியை ஏற்கச் சொன்னதும் இவள்தான். நான் எத்தனை நாள் தாங்குவேன் என்று பார்த்தார்களாம். ஒரு வாரம் என்றாராம் அவர், ஒரே நாள் என்றாளாம் இவள். ஒத்துக்கொண்ட பிறகும் ஏன் நம்பாத மாதிரி நடித்தாய் என்றேன். "தொட்டதுக்குத் தண்டனை வேண்டாமா?" பூங்குழலிக்கு ஒரு ஜோடி கொலுசு வாங்கிக் கொடு, சத்தம் வருகிற கொலுசாக.

அப்புறம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பன்னிரண்டாவது மதிலைத் திறந்தாள். மீசைக்காரன் உயிரோடு நின்றான், எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று முறை பார்த்து மூன்று முறையும் பின்வாங்கினாள். "இவன் எப்பத் திரும்புவான்னே தெரியலீங்க" என்றாள். எனக்குத் தெரிந்தது. "இடது கால்ல பாரம் போட்டு நிக்கறான் பாரு, ஷூ கடிக்குது. இப்பக் குனிவான், போ!" என்றேன். குனிந்தான். போனாள். நீ வெளியே வந்தாய், மாப்பிள்ளை, தாடியும் மீசையுமாக.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மஞ்சுநாத், "மேடம், அந்த மீசைக்காரனை ஹேகே தாண்டினீங்க?" என்றார். "எங்க வீட்டுக்காரர்தாங்க சொன்னாரு" என்றாள். "சூப்பர் ஸார்!" என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு அரை மணி நேரம் அவர் என்னிடம்தான் பேசினார், காவலாளிகளின் கால்களைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். உன் அக்கா நடுவில் இரண்டு முறை வாயைத் திறந்தாள், யாரும் கவனிக்கவில்லை. விருட்டென்று உள்ளே போய்விட்டாள். நாளை காலை எனக்கு மறுபடியும் காராபாத்தான்.

ஞாயிறு அவசியம் வா. பெட்டி இங்கேயே இருக்கட்டும். இப்போது சமையலறையில் மிக்ஸி ஓடுகிறது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.