ஃபாரம் மாமாவின் மூன்று பேனாக்கள்

நிரப்பாத ஃபாரத்தைப் பார்த்தால் ரத்தக் கொதிப்பு ஏறுகிற மனிதர் இந்தியாவிலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் ஃபாரம் மாமா. வங்காளத்தில், சாந்த்ராகாச்சியில் குடியிருந்த தமிழர், ரயில்வே புக்கிங் கிளார்க்காக இருந்து ரிட்டயரானவர். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா. ஒரு நீலம், ஒரு கறுப்பு, இரண்டும் மக்கர் செய்தால் இன்னொரு நீலம்.

பாலிகஞ்சில் நான் வேலை பார்த்த சின்ன சேவை நிறுவனத்துக்கு அவர் முதலில் வந்ததே சண்டை போடத்தான். அவர் மகள் வசந்தியும் அங்கே சமூகப் பணியாளர். குடிசைப் பகுதிகளில் வீடு வீடாகப் போய், விதவைகளுக்கும் வயதானவர்களுக்கும் பென்ஷன் வாங்கித் தருவது எங்கள் வேலை.

"ஊருக்கு உழைக்கறது நல்லதுதாம்மா. அதை ரிட்டயரானவங்க செய்யட்டுமே. வயசுப் பொண்ணுக்கு இது ஒரு வேலையா?" என்று என்னிடமே கேட்டார். நானும் வயசுப் பெண்தான் என்பது அவருக்கு உறைக்கவில்லை. எனக்குக் கோபமும் வரவில்லை. என் அம்மாவே சொந்தக்காரர்களிடம் நான் 'ஏதோ ஆபீஸில்' இருப்பதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அப்பாவுக்கும் மகளுக்கும் ஓர் ஒப்பந்தம். வசந்தி ரயில்வே பரீட்சை எழுத வேண்டும். பாஸானால் இந்த வேலையை விட்டுவிட வேண்டும். அதுவரை அவர் வாயைத் திறக்கக் கூடாது.

வாயைத் திறக்கவில்லை, தினமும் கூடவே வந்தார். எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து முறைத்தார். மூன்றாம் நாள், எல்லோரும் கீதா மாஷி, அதாவது கீதா சித்தி, என்று கூப்பிடும் விதவை பென்ஷன் ஃபாரத்தோடு வந்தாள். நான் அவள் பெயரைக் கட்டத்துக்கு வெளியே எழுதிவிட்டேன்.

"ஐயையோ! கேபிடல் லெட்டர்மா! ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து! உனக்கெல்லாம் யாரு வேலை குடுத்தது?"

ஃபாரத்தைப் பிடுங்கிக்கொண்டு, "நாம் கி? ஷாமிர் நாம் கி?" என்று தன் தமிழ் வங்காளத்தில் பெயரையும் புருஷன் பெயரையும் விசாரித்தார். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

ஒரே மாதத்தில் அவர் முன்னால் வரிசை நின்றது. ஒரு மணி அடித்தால் மேஜைமேல் 'சாப்பாட்டு நேரம்' என்று தமிழில் எழுதிய அட்டையை நிறுத்துவார். யாருக்கும் படிக்கத் தெரியாது, ஆனாலும் பயந்துபோய்க் காத்திருப்பார்கள். கைநாட்டு தெளிவாக விழவில்லை என்று ஒரு கிழவரின் கட்டைவிரலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார். வங்காள மொழியிலும் மாமாவுக்கு மாமா என்றே பெயர் என்பதால் சேரி முழுக்க அவருக்கு மருமக்கள்.

ஆனால் சாயங்கால டீயின்போது தவறாமல் சொல்வார்: "இதெல்லாம் ஒரு வேலையா? நாளைக்குச் சீக்கிரம் வரணும். பதினேழு ஃபாரம் பாக்கி."

பரீட்சை வந்தது. வசந்தி ஒரு பக்கம்கூடப் படிக்காமல் போனாள். பாஸாகித் தொலைத்தாள்.

நியமனக் கடிதத்தோடு நாலு பக்க ஃபாரமும் வந்தது. பதினைந்து நாளில் அனுப்ப வேண்டும். வசந்தி என் தோளில் சாய்ந்து அழுதாள், ஆனால் கொடுத்த வாக்கை மீறுகிறவள் இல்லை. "நீங்களே எழுதி அனுப்பிடுங்கப்பா" என்று கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

அந்த வாரமே கீதா மாஷி பென்ஷன் வந்த சந்தோஷத்தில் சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்தாள். மாமா கையை நீட்டினார். அவள் நேராகப் போய் வசந்தியின் வாயில் ஊட்டினாள்.

"மழையில நாலு தடவை என் வீடு தேடி வந்தா மாமா, உங்க பொண்ணு. இல்லேன்னா எனக்கு ஃபாரம்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது" என்றாள் வங்காளத்தில். மாமா நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

பதினாறாம் நாள் வசந்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்பா, அந்த ஃபாரம் அனுப்பியாச்சா?"

மாமா மேஜை டிராயரிலிருந்து அதை எடுத்து நீட்டினார். அவள் கையெழுத்தைத் தவிர நாலு பக்கமும் வெறுமை. அவர் வாழ்நாளில் நிரப்பாமல் விட்ட ஒரே ஃபாரம்.

"பேனா எழுதலம்மா" என்றார். உடனே வரிசையைப் பார்த்து, "க்யூ! க்யூ!" என்று தேவைக்கு மேல் கத்தினார்.

மாமா போய் மூன்று வருஷமாகிறது. எங்கள் அலுவலகத்தை இப்போது நடத்துவது வசந்திதான். அவருடைய மூன்று பேனாக்களில் ஒன்றை எனக்குக் கொடுத்தாள். அதில்தான் இதை எழுதுகிறேன். நன்றாகவே எழுதுகிறது, மாமா.