பெய்யாத எழுபத்தெட்டு மில்லிமீட்டர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உங்கள் அத்தையும் நலமாகத்தான் இருப்பாள். ஐந்து நாட்களாக என்னோடு பேசாததால் கேட்டு எழுத முடியவில்லை. நீங்களும் மகளும் பேத்தியும் அங்கு சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

"இனிமே யாருக்கும் வெள்ளம், புயல்னு எச்சரிக்கை அனுப்ப மாட்டேன்னு அப்பா கைப்பட எழுதித் தரட்டும். அப்புறம் அங்க வர டிக்கெட் போடறேன்" என்று மகள் அவள் அம்மாவிடம் போனில் சொன்னாளாம். அதை உங்கள் அத்தை சுவரைப் பார்த்துச் சொன்னாள், நான் கேட்டுக்கொண்டேன். என் போனை அவள் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். ஆகவே இந்தக் கடிதமே என் உறுதிமொழி. ஆனால் கையெழுத்துப் போடுமுன் என் தரப்பையும் நீங்கள் கேட்டாக வேண்டும்.

நான் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட லேபில் வேலை பார்த்தவன். அளவு பார்க்காமல் ஒரு சொட்டு ஊற்றியதில்லை. ரிடையரானதும் வானிலை அலுவலகம் மொட்டைமாடியில் எனக்கொரு மழைமானி வைத்துத் தந்ததும், தினமும் காலை எட்டரைக்கு நான் அளவு அனுப்புவதும் உங்களுக்குத் தெரியும். போன வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் எழுபத்தெட்டு மில்லிமீட்டர்! அறுபத்தைந்தைத் தாண்டினாலே கனமழை, மாப்பிள்ளை. தரை காய்ந்துதான் கிடந்தது, மறைக்கவில்லை. ஆனால் தரைக்கு என்ன தெரியும், அதில் அளவுகோடா போட்டிருக்கிறது? நானோ தலைமாட்டில் இடி விழுந்தாலும் எழாதவன். ராத்திரி கொட்டித் தீர்த்திருக்கும், விடியற்காலைக் காற்றில் உலர்ந்திருக்கும் என்று முடிவு கட்டி, முதலில் மகளுக்கு "புறப்படாதே" என்று செய்தி அனுப்பினேன். அவள் பாவம், கெஞ்சி வாங்கிய லீவை ரத்து செய்தாள். பிறகு தெருவில் நாற்பது வீட்டுக்கும் அனுப்பினேன். கீழ்த்தளத்துத் தையல்காரர் மூன்று மெஷினையும் முதல் மாடிக்குத் தூக்கிப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிர்வீட்டு டாக்டரம்மா காரை மேம்பாலத்தில் நிறுத்திவிட்டு வேகாத வெயிலில் நடந்து வந்தார். வானிலை அலுவலகத்து அதிகாரி கூப்பிட்டு, "சார், சுத்துவட்டாரத்துல ஒரு பொட்டு மழை இல்ல, உங்க மாடில மட்டும் எப்படி சார்?" என்றார். "மழை யாரைக் கேட்டு சார் பெய்யுது?" என்றேன் நான்.

இதைக் கேட்டுக்கொண்டே மாடிக்கு வந்த உங்கள் அத்தை மழைமானியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நேத்து இங்கதானே புதுக்கொடி கட்டி, பேத்தி வர்றாளேன்னு ஏழு போர்வையையும் துவைச்சுக் காயப்போட்டேன்! பிழியத் தெம்பில்லாம அப்படியே போட்டேன், சாயங்காலம் எடுத்து மடிச்சுட்டேன். என் போர்வைத் தண்ணியை அளந்து என் பொண்ணை வரவிடாம பண்ணிட்டீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?" என்றாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

மாப்பிள்ளை, பேத்தியைப் பார்த்து ஒரு வருடம் ஆகிறது. நடக்கத் தொடங்கிவிட்டாளாம். அவள் தத்தித் தத்தி வருவதைப் பார்க்காமல் போர்வை சொட்டியதை எண்ணி எழுதிக்கொண்டிருந்தேனே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆகவே இதனால் உறுதி கூறுகிறேன்: மழையைக் கண்ணால் கண்டு, கையை நீட்டி நனைத்துப் பார்க்காமல் இனி யாருக்கும் எந்த எச்சரிக்கையும் அனுப்ப மாட்டேன். மழைமானியையும் மாடியின் மறுகோடிக்கு மாற்றிவிட்டேன். உடனே டிக்கெட் போடச் சொல்லுங்கள்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமா

பி.கு.: இப்போதுதான் எட்டரைக்கு மாடி ஏறிவிட்டு வந்தேன். தொண்ணூற்றொரு மில்லிமீட்டர்! மழைமானி இடம் மாறிவிட்டதால் இம்முறை தவறுக்கு வழியே இல்லை. குழந்தையை வைத்துக்கொண்டு தயவுசெய்து புறப்பட வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது: இவர் மழைமானியை மாற்றியது எனக்குத் தெரியாது. வம்பே வேண்டாமென்று நானும் கொடியை மறுகோடிக்கு மாற்றி, நேற்று போர்வைகளை மறுபடி துவைத்துப் போட்டேன். பி.கு.விலிருந்து கீழே கிழித்துவிட்டு, மேலே இருப்பதை மட்டும் மகளிடம் காட்டுங்கள். கடிதத்தை நானே தபாலில் சேர்க்கிறேன். இவர் இதை மேசையிலேயே போட்டுவிட்டுத் தையல்காரருக்கு மெஷின் தூக்கப் போயிருக்கிறார்.