அத்தானின் பாட்டுகளை நான் கொப்பி பண்ணின கதை

"எனக்குத் தெரியாது" என்று நான் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்தவன் நான். அந்தப் பாடத்தை எட்டாம் வகுப்பில்தான் நடத்துவார்கள் போல.

கண்டிப் பக்கம் வத்தேகமயில் ஓட்டோ ஓட்டுகிறேன். என் வண்டியில் பென் டிரைவ் சொருகிப் பாட்டுக் கேட்கிற பெட்டி ஒன்று உண்டு. பாட்டு ஏற்றுகிற கடையில் பையனுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்து, எனக்கும் கம்பியூட்டர் தெரியும் என்று முடிவெடுத்துவிட்டேன். (சலூன் கண்ணாடியில் தலையைப் பார்த்துவிட்டு உள்ளே மூளை இருக்கிறது என்று முடிவெடுப்பது மாதிரி.) ஸ்டாண்டில் யாருடைய போன் படுத்தாலும் என்னிடம்தான் வரும். ஓஃப் பண்ணி ஓன் பண்ணுவேன். பாதி போன் அதிலேயே எழும்பிவிடும். மீதியை "இது சைனா சாமான்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன். இந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் அத்தானின் பாட்டில் கை வைத்தேன்.

அந்தோணி அத்தான் என் அக்கா ஸ்டெல்லாவின் புருஷன். மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமையானால் மாதா கோயிலில் ஓகன் பெட்டி வாசித்துப் பாடுவார். தானே பாட்டுக் கட்டுவார். வீட்டு அறையில் யன்னலைச் சாத்திக்கொண்டு ஒரு பழைய கம்பியூட்டரில் அதை ரெக்கோட் பண்ணி வைப்பார். முதுகு வீங்கின டீவி மாதிரி ஒரு சாமான் அது. சுவிட்சைப் போட்டால் கலஹா பஸ் ஏத்தம் ஏறுகிற சத்தம் வரும். ஒரு பாட்டு முடிந்ததும் உள்ளே இருந்து "ஸ்டெல்லா!" என்று கத்துவார். தேத்தண்ணி வேண்டும் என்று அர்த்தம். அக்கா அடுப்படியில் இருந்தே "இந்தா வாரேங்க!" என்பாள்.

பிறகு அத்தானுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. ஒப்பரேசன் பண்ணிக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். (இந்த இடத்தில் அடைப்புக்குள் ஒரு பகிடி எழுதலாம் என்று பார்த்தேன். வரவில்லை.)

அதன் பிறகு அந்தக் கம்பியூட்டர்தான் அவருக்கு வாய். பழைய பாட்டுகளை எல்லாம் திரையில் வரிசையாக வைத்துக்கொண்டார். தேத்தண்ணி வேண்டுமென்றால் ஒரு மாதா பாட்டு. யன்னலைத் திறக்க வேண்டுமென்றால் கிறிஸ்மஸ் பாட்டு. அக்காவோடு கோபம் என்றால் தபசு காலத்துப் பாட்டு, அதுவும் முழுச் சத்தத்தில். அக்கா முதல் வரியிலேயே பிடித்துவிடுவாள். "இந்தா வாரேங்க! அதுக்கு ஏன் ஆண்டவர சிலுவையில அறையிறீங்க?" என்று சொல்லிக்கொண்டே ஓடுவாள்.

மழை விடாமல் பெய்த ஒரு கிழமையில் அத்தான் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு என்று ஏற்பாடு. அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அன்னைக்கு அவரு பாட்ட போடணும்டா பெனடிக். அவரு குரலு ஒருக்கா இந்த வீடு நெறைய கேக்கணும். அந்த மாதா பாட்டையாவது."

அக்கா மகள் ஷாலினிக்குக் கொழும்பில் வேலை. புது லெப்டொப் வாங்கியிருந்தாள். போனில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"மாமா, அப்பாட கம்பியூட்டர நீங்க தொடாதீங்க. நான் வந்து எல்லாத்தையும் லெப்டொப்புக்கு மாத்திக்கிறேன்."

"ஐயோ, நான் ஏம்மா தொடுறேன்?" என்று சொன்னேன். அப்போது என் கை கம்பியூட்டரின் முதுகில் பென் டிரைவ் ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தது.

திரையில் அத்தான் வைத்திருந்த பாட்டுகள் அத்தனையும் நின்றன. எல்லாவற்றையும் வளைத்துப் பிடித்து, கொப்பி பண்ணி, பென் டிரைவில் போட்டேன். தும்மி முடிப்பதற்குள் வேலை முடிந்தது. கடைப் பையன் ஒரு படம் ஏற்றுவதற்குள் நான் வெத்திலை போட்டு, மென்று, துப்பி, வாயும் கழுவியிருப்பேன். இங்கே ஒரு மனுசனின் வாழ்நாள் பாட்டு அவ்வளவும் ஒரு தும்மலில் ஏறிவிட்டது. சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடம். எனக்கு வந்தது பெருமை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒவ்வொரு பாட்டின் மூலையிலும் குட்டியாக ஒரு அம்புக்குறி. ஒன்றில் மட்டும் இல்லை. அத்தான் சுகமில்லாத மனுசன், அந்த ஒன்றுக்குப் போட மறந்துவிட்டார் என்று நினைத்துப் பாவப்பட்டேன்.

நான் ஒன்றும் சோதித்துப் பார்க்காத முட்டாள் இல்லை. பென் டிரைவை ஓட்டோவில் சொருகினேன். ஓகன் வாசிக்கிற சத்தம் வந்தது. அத்தானின் விரல்தான், சந்தேகமே இல்லை. கண் கலங்கிவிட்டது. அதற்குள் பொல்கொல்லைக்கு ஒரு ஹயருக்கு ஆள் வந்தது. ஓஃப் பண்ணிவிட்டுப் போய்விட்டேன். (இன்னும் கொஞ்ச நேரம் கேட்டிருந்தால் என் மானமும் மிஞ்சியிருக்கும், அத்தானின் பாட்டும் மிஞ்சியிருக்கும்.)

முப்பத்தோராம் நாளுக்கு முதல் நாள் வீட்டை ஒதுக்கினோம். ஆட்கள் உட்கார இடம் வேண்டும். மேசையும் கம்பியூட்டருமாக அறையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது.

"இத எங்கடா வைக்கிறது?" என்றாள் அக்கா.

சரியாக அந்த நேரம் பார்த்துப் பழைய இரும்பு வாங்குகிற லொறி ஸ்பீக்கரில் "பரண யகட, பரண யகட" என்று கத்திக்கொண்டு றோட்டில் வந்தது. நான் அதை ஆண்டவரே அனுப்பினார் என்று எடுத்துக்கொண்டேன்.

"பாட்டெல்லாம் என் பைக்குள்ள இருக்குக்கா. இந்தச் சனியன் இனி எதுக்கு?"

அக்கா கம்பியூட்டர் மேல் கையை வைத்தாள். சேலைத் தலைப்பால் அதன் தூசியைத் துடைத்தாள். கொடுக்கப் போகிற சாமானை யார் துடைப்பார்கள்?

"எல்லாம் வந்திருச்சாடா?"

"எல்லாம்."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியம்."

லொறிக்காரன் அதற்குப் பதிலாக ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பேசின் தந்தான். நான் பேரம் பேசிப் பெரிய சைசாக வாங்கினேன். ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவன் மாதிரி அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன்.

மறுநாள் ஷாலினி விடிய பஸ் எடுத்து நேரே பூசைக்கு வந்து, பூசை முடிந்துதான் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழட்டவில்லை. "அப்பாட கம்பியூட்டர் எங்க?" என்றாள்.

"அத குடுத்துட்டுப் பேசின் வாங்கியாச்சும்மா. நீ ஒண்ணும் கஷ்டப்படத் தேவையில்ல. பாட்டு இந்தா." பென் டிரைவை அவள் கையில் வைத்தேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை அப்போது நன்றி என்று நினைத்தேன்.

வீடு நிறைய ஆட்கள். பாதர் கதிரையில் இருந்தார். ஓட்டோ ஸ்டாண்ட் பொடியன்களிடம் சொல்லி ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பொக்ஸ் இறக்கியிருந்தேன். சும்மா போட்டுவிட்டுப் போயிருக்கலாம். மைக்கைப் பிடித்தேன்.

"எல்லாரும் கொஞ்சம் அமைதியா இருங்க. அந்தோணி அத்தான் இப்ப பாடப் போறாரு. இந்தப் பாட்டெல்லாத்தையும் பழைய கம்பியூட்டர்ல இருந்து அழியாம காப்பாத்தினது..." என்று நிறுத்தி, அடக்கமாகத் தலையைக் குனிந்தேன்.

ஷாலினி பென் டிரைவை லெப்டொப்பில் சொருகி, மாதா பாட்டின் பெயர் மேல் அமத்தினாள். லெப்டொப்பில் இங்கிலீசில் ஒரு கட்டம் வந்து நின்றது. அடுத்ததை அமத்தினாள். அதே கட்டம். அதற்கு அடுத்தது. அதே கட்டம்.

"என்னம்மா சொல்லுது?" என்று குனிந்து கேட்டேன்.

அவள் உதடு அசையாமல் சொன்னாள். "மாமா, இது பாட்டு இல்ல. பாட்டு இருக்கிற எடத்துக்கு வழி காட்டுற குறி. அம்பு போட்டிருக்கு, தெரியுதா? நீங்க வீட்டக் குடுத்துட்டு கேட்டுல இருந்த அட்ரஸ் போர்ட கழட்டிட்டு வந்திருக்கீங்க."

"அப்ப பாட்டு?"

"அந்தப் பெட்டிக்குள்ள."

மைக் என் கையில் இன்னும் ஓனில் இருந்தது. "அந்தப் பெட்டிக்குள்ள" இரண்டு பொக்ஸிலும் கணீரென்று கேட்டது. பாதர் கோப்பையைக் கீழே வைத்தார்.

அம்பு இல்லாத அந்த ஒன்றை ஷாலினி கடைசியாக அமத்தினாள்.

ஓகன் எழும்பியது. எனக்கு உயிர் வந்தது. ஆட்கள் சாப்பிடுகிற கையை நிறுத்தினார்கள். ஓகன் அழகாக ஏறி, இறங்கி, பாட்டுக்கு இடம் விட்டது. அந்த இடத்தில் ஒரு குரல் நுழைந்தது. என் குரல். எப்போதோ அத்தான் ரெக்கோட் பண்ணும்போது நானும் பாடுவேன் என்று அடம் பிடித்துப் போய் நின்ற நாள். ஆளுயரப் பொக்ஸில் அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் கோயிலில் என்னை ஏன் எப்போதும் உண்டியல் தூக்க மட்டும் விட்டார்கள் என்று விளங்கியது.

அதற்குப் பிறகு அத்தான் பேசினார்.

"நிப்பாட்டு, நிப்பாட்டு! டேய் பெனடிக், இது பாட்டாடா? தோட்டத்து லயத்துக் கூரைத் தகரத்துல கொரங்கு ஓடுற மாதிரி இருக்கு! வாய மூடிட்டு வெளிய போடா. ஸ்டெல்லா! இவனுக்கு ஒரு தேத்தண்ணியக் குடுத்து வெளிய விட்டுக் கதவச் சாத்து. ஸ்டெல்லா!"

"இந்தா வாரேங்க!"

அது பொக்ஸில் இருந்து வரவில்லை. அடுப்படியில் இருந்து வந்தது. அக்கா சோற்றுக் கரண்டியோடு வாசல்படி வரைக்கும் ஓடி வந்துவிட்டாள். வந்த பிறகுதான் நின்றாள். பொக்ஸில் அத்தான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் சிரித்தார். என்னைப் பார்த்துத்தான்.

அக்காவும் சிரித்தாள். அந்த ஒப்பரேசனுக்குப் பிறகு நான் கேட்காத சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷாலினியிடம் சொன்னாள்.

"சரி புள்ள. இப்ப அந்த மாதா பாட்டப் போடு."

அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருந்தால், இது நான் ஸ்டாண்டில் சொல்லிச் சிரிக்கிற கதையோடு போயிருக்கும்.

அப்படியே எழும்பி, ஷாலினியை ஏற்றிக்கொண்டு லொறியைத் தேடி ஓடினேன். விசாரித்து விசாரித்துக் கட்டுகஸ்தோட்டையில் அந்தப் பழைய இரும்பு யாட்டைக் கண்டுபிடித்தோம். யாட்டு முதலாளி ஒரு முஸ்லிம் நாநா, நல்ல மனுசன். எங்கள் முகத்தைப் பார்த்ததும் கதிரை போட்டார்.

"அந்தப் பெரிய கம்பியூட்டரா தம்பி? அது நேத்தே ஒடச்சிப் பிரிச்சாச்சே. செம்பு வேற, அலுமினியம் வேற."

ஷாலினி பாட்டு தங்குகிற சாமானைப் பற்றிக் கேட்டாள். நாநா ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்தார். கண்ணாடி மாதிரி மின்னுகிற வட்டத் தகடுகள் ஒரு குவியல். சிலது வளைந்து, சிலதில் சுத்தியல் அடி.

"இதுக்குள்ளதான் ஈக்கும். இதுல ஒங்கட எது, மத்த ஆள்கள்ட எது எண்டு எப்பிடித் தம்பி செல்ற? எல்லாம் ஒண்டு போலதானே ஈக்கி."

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அதில் என் மூஞ்சி தெரிந்தது. கீழே வைத்துவிட்டேன்.

வத்தேகம வந்து சேரும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தான் இருந்திருந்தால் அதையே ரெக்கோட் பண்ணி வைத்திருப்பார்.

நாங்கள் போனபோது ஆட்கள் எல்லாம் போய்விட்டார்கள். அக்கா பின்பக்கம் குந்தியிருந்து சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள், அந்தச் சிவப்புப் பேசினில் போட்டு.

"இல்லையாடா?"

"இல்லக்கா."

"ஒண்ணுகூடவா?"

நான் தலையை ஆட்டினேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். கரண்டியால் நாலு போட்டிருந்தால்கூட நிம்மதியாகப் போயிருப்பேன். அவள் அடுத்த கோப்பையை எடுத்துக் கழுவினாள்.

கோயிலில் யாராவது போனில் எடுத்திருப்பார்களா என்று பிறகு கேட்டுத் திரிந்தோம். கிடைத்த ஒன்றிரண்டில் அத்தானின் குரலைவிடப் பிள்ளைகள் அழுகிற சத்தம்தான் அதிகம். அம்பு போடாத அந்த ஒன்றை மட்டும் அத்தான் ஏன் வெளியில் வைத்திருந்தார் என்று ஷாலினியிடம் ஒருநாள் கேட்டேன்.

"பிழையாப் போன ரெக்கோடிங்க அப்பா வெளிய எடுத்து வைப்பாரு மாமா. அழிக்கிறதுக்கு."

நான் குப்பையில் போட்டது அவர் வைத்துக்கொள்ள நினைத்தது. நான் காப்பாற்றியது அவர் குப்பையில் போட நினைத்தது. அதிலும் பாதி நான்.

இது நடந்து சில வருசம் ஆகிறது. இப்போது எங்கள் குடும்பத்தில் யாராவது ஒரு வேலையைச் சட்டென்று முடித்துவிட்டு வந்தால், "பெனடிக் கொப்பியா, உண்மையாவே முடிச்சிட்டியா?" என்றுதான் கேட்பார்கள். ஷாலினி கலியாணத்துக்குத் தாலியை எடுத்துவரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். வந்ததும் பாதரே பெட்டியைத் திறந்து பார்த்தார்.

அத்தானின் ஆண்டுப் பூசை முடிந்த பிறகு ஒவ்வொரு வருசமும் வீட்டில் அந்த ஒன்றைப் போடுவார்கள். ஷாலினி அதை எத்தனையோ இடத்தில் கொப்பி பண்ணி வைத்திருக்கிறாள். எதிலும் என்னைத் தொட விடுவதில்லை. என் குரல் வந்ததும் சிரிப்பு தொடங்கும். குரங்கு வரும்போது சின்னதுகள் அத்தானோடு சேர்ந்து சொல்லும். கடைசியில் அவர் சொன்னபடி எனக்கு ஒரு தேத்தண்ணியைக் கொடுத்து, வெளியில் விட்டு, கதவைச் சாத்துவார்கள்.

நான் ஓட்டோவில் உட்கார்ந்து அதைக் குடிப்பேன். உள்ளே பிள்ளைகள் இன்னொரு தடவை போடச் சொல்லும். மறுபடி ஓகன், மறுபடி நான், மறுபடி திட்டு. பிறகு "ஸ்டெல்லா!" என்பார் அத்தான். நான் தேத்தண்ணியை வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்திருப்பேன்.

"இந்தா வாரேங்க!"

அதைக் கேட்ட பிறகுதான் குடிப்பேன்.